கேர் பிளான் எழுத வரவில்லையா? வார்டு சிஸ்டரிடம் இப்படிக் கேளுங்கள்

"அக்கா, நாளைக்கு சப்மிஷன். ஒரு கேர் பிளான் மட்டும் அனுப்புங்கக்கா, ப்ளீஸ்."

இரவு பத்தரை மணிக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி எனக்கு அடிக்கடி வரும். அனுப்புகிற நர்சிங் மாணவப் பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை. கோபி, சத்தி, தாராபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து, பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு, திடீரென்று தடித் தடியான ஆங்கிலப் புத்தகங்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள். உதவ எனக்கு ரொம்ப ஆசை. கேர் பிளான் என்பது ஒரு நோயாளிக்கு என்ன பிரச்சினை, அதற்கு நாம் என்ன செய்யப்போகிறோம், என்ன பலன் கிடைத்தது என்று எழுதும் பராமரிப்புத் திட்டம். ஆனால் நான் பார்க்காத நோயாளிக்கு நான் எப்படிக் கேர் பிளான் எழுதுவேன்?

ஈரோடு பக்கம் மெடிக்கல் வார்டில் 15 வருடத்துக்கு மேலாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முதல் வருடப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சிஸ்டர்களிடம் எப்படிக் கேட்டால் உங்கள் அசைன்மென்ட்டுக்கு உண்மையாகவே பலன் கிடைக்கும் என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: சிஸ்டருக்கு முன்னால் நோயாளியிடம் போங்கள்

கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதி முடித்துவிட்டு எங்களிடம் வருகிறவர்கள்தான் அதிகம். முதலில் கட்டில் பக்கத்தில் போய் நின்று, "அம்மா, இப்ப என்னங்க பண்ணுது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் வாய்ச்சொல்லாகவே நோட்டில் எழுதுங்கள். "கிறுகிறுன்னு வருதுங்க", "நெஞ்சு அடைக்குது கண்ணு", "நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்குது". ஒவ்வொன்றும் வேறு வேறு சங்கதி. எல்லாவற்றையும் அவசரமாக ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக மாற்றிவிட்டால், நோயாளி கொடுத்த துப்பு அங்கேயே தொலைந்துபோகும். கேர் பிளானில் சப்ஜெக்டிவ் டேட்டா என்ற கட்டம் இதற்காகத்தான் இருக்கிறது.

அப்புறம் நீங்களே பார்த்தது, அளந்தது: பி.பி., நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, கால் வீக்கம், சிறுநீர் அளவு.

படி 2: தப்போ சரியோ, ஒரு ரஃப் எழுதுங்கள்

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வருடத்தில் சீனியர் அக்கா ஒருவரின் கேர் பிளானை வாங்கி, நோயாளியின் வயதையும் படுக்கை எண்ணையும் மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அவர் எழுதியது காய்ச்சல் நோயாளிக்கு. என் நோயாளிக்கோ இதயச் செயலிழப்பு. "தினமும் 3 லிட்டர் தண்ணீர் குடிக்க ஊக்குவித்தல்" என்ற வரியும் அப்படியே வந்துவிட்டது. கல்லூரி மேடம் என்னைத் திட்டவில்லை. அந்தப் பெரியவரின் கட்டிலுக்குக் கூட்டிப்போய், அவர் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்து அப்படியே நின்றது; உடலில் நீர் தேங்கியிருப்பதன் அடையாளம் அது. "இந்தக் கால் இருக்கறவரு 3 லிட்டர் குடிச்சா என்ன ஆகும்னு சொல்லு." என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கு டாக்டர் தண்ணீர் அளவைக் குறைத்து எழுதியிருந்தது கேஸ் ஷீட்டில் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

அதனால் உங்கள் ரஃப் உங்கள் நோயாளியுடையதாக இருக்கட்டும். நர்சிங் டயக்னோசிஸ் எழுதும்போது மூன்று துண்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: பிரச்சினை என்ன, எதனால், என்ன அறிகுறி வைத்துச் சொல்கிறோம். டெங்கு என்று எழுதினால் அது டாக்டரின் டயக்னோசிஸ். வாந்தியாலும் காய்ச்சலாலும் உடலில் நீர் குறைந்திருக்கிறது, நாக்கு வறண்டிருக்கிறது, சிறுநீர் குறைவாகப் போகிறது என்று எழுதினால் அதில் நாம் செய்ய வேலை இருக்கிறது. குறிக்கோளும் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. சிறுநீராவது வர வேண்டும். 60 கிலோ எடை என்றால் மணிக்கு 30 மி.லி. "நோயாளி நலமடைவார்" என்று எழுதினால் எதை வைத்து அளப்பீர்கள்?

படி 3: கேள்வியைச் சின்னதாக நறுக்குங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம் என்பேன். ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

நம் பக்கம் மஞ்சள் காடு, கரும்புக் காடு, வாழைத் தோப்பு என்று தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் பாம்புக்கடியோடு வருவது சாதாரணம். கேஸ் ஸ்டடிக்கு அதை எடுத்த ஒரு மாணவி, "சிஸ்டர், பாம்புக்கடி பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் நான் புத்தகத்தில் இருப்பதைத்தான் திருப்பிச் சொல்வேன். அதே மாணவி, "20 நிமிட ரத்த உறைவுச் சோதனை எழுதியிருக்கேனுங்க சிஸ்டர். செய்யும்போது எங்க தப்பு வரும்?" என்று கேட்டால் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

2 மி.லி. ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது என்று புத்தகத்திலேயே இருக்கும். ட்யூப் கண்ணாடியாக, சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ட்யூபிலோ, சோப்புப் போட்டுக் கழுவிய ட்யூபிலோ எடுத்தால் உறைய வேண்டிய ரத்தமும் உறையாமல் நம்மை ஏமாற்றும். இடையில் பத்தாவது நிமிடத்தில் "ஆச்சா" என்று ஆட்டிப் பார்க்கக் கூடாது. ரத்தம் எடுத்த நேரத்தை அப்போதே எழுதிவிட வேண்டும். 20 நிமிடத்துக்குப் பிறகும் தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் வகை விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். ஆனால் ரத்தம் நன்றாக உறைந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் கூடாது. கட்டுவிரியனும் நாகமும் நரம்பைத் தாக்கும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் தடம்கூடச் சரியாகத் தெரியாது. இமை தொங்குகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விஷமுறிவு மருந்து ஏறும்போது அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் வருகிறதா என்று பக்கத்திலேயே நிற்க வேண்டும்; அந்த ஒவ்வாமைக்குக் கொடுக்கும் அட்ரினலின் ஊசி தயாராக இருக்க வேண்டும். இன்னொன்று, குழந்தைக்கும் பெரியவருக்கும் விஷமுறிவு மருந்தின் அளவு ஒன்றுதான். ஆள் சின்னது என்பதற்காகப் பாம்பு விஷத்தைக் குறைத்து விடுவதில்லையே.

இவ்வளவும் ஒரே ஒரு சின்னக் கேள்வியிலிருந்து வந்தது. "எங்கே தப்பு வரும்?", "இதை ஏன் முதலில் செய்தீர்கள்?", "எதைப் பார்த்து டாக்டரைக் கூப்பிட்டீர்கள்?" இந்த மூன்றையும் எந்த கேஸுக்கும் கேட்கலாம்.

படி 4: நேரம் பாருங்கள்

டியூட்டி மாறும்போதும், மருந்து கொடுக்கும்போதும், ரவுண்ட்ஸ் நடக்கும்போதும் கேட்காதீர்கள். மருந்து எடுக்கும் சிஸ்டரைப் பேச்சில் இழுத்தால் ஆபத்து நோயாளிக்கு. எங்கள் வார்டில் மதியம் சார்ட் எழுத உட்காரும் நேரம் கொஞ்சம் அமைதியாக இருக்கும். "சிஸ்டர், எப்ப ஃப்ரீயா இருப்பீங்க? அஞ்சு நிமிசம் போதுங்க" என்று காலையிலேயே கேட்டு வைத்துவிடுங்கள். அதுவரை ஒரு பி.பி. பார்த்துக் கொடுங்கள், ஒரு படுக்கையை விரித்துக் கொடுங்கள். கூட நின்று வேலை செய்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்குமே அலுப்பு வராது.

படி 5: மருந்து நோட்டுக்கும் ஹெல்த் எஜுகேஷனுக்கும்

காசநோய் மருந்துகளைப் பற்றி எழுதும் பிள்ளைகள் ரிஃபாம்பிசின் பக்கத்தில் "சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதை நோயாளியிடம் எப்போது சொல்ல வேண்டும் என்று சிஸ்டரிடம் கேளுங்கள். முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

சர்க்கரை நோய்க்கான ஹெல்த் எஜுகேஷனில் ஓட்ஸ், பிரவுன் பிரெட் என்று சார்ட் வரைந்து வந்த ஒரு தம்பியிடம், "அந்த ஆத்தா வீட்டில் ஓட்ஸைப் பார்த்திருப்பாங்களா?" என்று கேட்டேன். போய் விசாரித்துவிட்டு வந்தான். அரிசிம்பருப்பு, ராகிக் களி, கொள்ளு. அப்புறம் தினமும் மூன்று வேளை நாட்டுச்சர்க்கரை போட்ட காபி. "வெள்ளைச் சர்க்கரைதானுங்க கெடுதல், இது கவுந்தப்பாடிச் சர்க்கரை" என்று சொன்னாராம். நாட்டுச்சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் என்பதுதான் அவருக்குத் தேவைப்பட்ட பாடம். சார்ட்டை மாற்றி வரைந்தான்.

படி 6: இரண்டு எச்சரிக்கை

கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுக் கேட்காதீர்கள். பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), ஊர் எதுவும் வேண்டாம். "55 வயது ஆண், இதயச் செயலிழப்பு" என்றால் போதும்.

அடுத்து, வார்டில் ஒரு சிஸ்டர் செய்வது புத்தகத்திலிருந்து மாறுபட்டிருந்தால், அதைப் ப்ரொசீஜர் புக்கில் அப்படியே எழுதாதீர்கள். காரணத்தை மரியாதையாகக் கேளுங்கள், பிறகு உங்கள் மேடத்திடமும் கேளுங்கள். சில நேரம் அதில் நல்ல காரணம் இருக்கும். சில நேரம் வெறும் பழக்கமாகவும் இருக்கும்.

படி 7: மறுநாள் திரும்பி வாருங்கள்

பலன் கிடைத்ததா என்று எழுதும் இவாலுவேஷன் கட்டத்தைக் கல்லூரிப் பேருந்தில் உட்கார்ந்து நிரப்பக் கூடாது. மறுநாள் அதே கட்டிலுக்குப் போங்கள். வீக்கம் குறைந்ததா, எத்தனை மி.லி. போனது, நேற்று "மூச்சு வாங்குது" என்றவர் இன்று என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். குறிக்கோள் எட்டவில்லை என்றால் எட்டவில்லை என்றே எழுதலாம், அதற்கு மதிப்பெண் குறையாது. எழுதியதை நேற்றுச் சொல்லிக்கொடுத்த சிஸ்டரிடம் ஒரு நிமிடம் காட்டிவிட்டு, அப்புறம் சப்மிட் பண்ணுங்கள்.