குளிர் ஊரில் ஒஸ்கார் மீன் வளர்க்கிறீர்களா? முதலில் சூட்டைக் கவனியுங்கள்

ஒஸ்கார் வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது தீனியைப் பற்றித்தான். ஹட்டனில் இருந்துகொண்டு நான் முதலில் சொல்வது ஹீட்டரைப் பற்றி. இது அமேசன் ஆற்று மீன். தண்ணீர் 25 முதல் 28 பாகைக்குள் இருக்க வேண்டும். கொழும்பில் அந்தச் சூடு சும்மாவே கிடைக்கும். இங்கே ஜனவரி இரவுகளில் கிடைக்காது.

கடையில் விரல் நீளக் குஞ்சாகத்தான் இருக்கும். நன்றாக வளர்ந்தால் ஓரடி வரும், பத்து வருடத்துக்கு மேலும் வாழும். ஒரு மீனுக்கே நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி வேண்டும். அது கிட்டத்தட்ட 250 லீட்டர் பிடிக்கும்.

அதற்கு 200 வோட் ஹீட்டர் இரண்டு போடுங்கள். ஒன்று பழுதானாலும் மற்றது ராத்திரியைத் தாங்கும். ஒஸ்கார் முரட்டு மீன், வாலால் அடித்துக் கண்ணாடி ஹீட்டரை உடைத்துவிடும். பிளாஸ்டிக் கூடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நுவரெலியா பக்கம் என்றால் தொட்டியின் பின்புறமும் அடியிலும் ரெஜிஃபோம் (வெள்ளை நுரைப் பலகை) வைத்து, மேலே மூடியும் போடுங்கள். மூடி எப்படியும் வேண்டும், இது துள்ளும்.

குளிர் பட்ட மீனைப் பார்த்தாலே தெரியும். செட்டையை உடம்போடு ஒட்டிக்கொண்டு அடியில் கிடக்கும், நிறம் கறுத்துப்போகும், தீனியை வாயில் வாங்கி மெதுவாகத் துப்பும். அப்போது தீனி போடாதீர்கள். குளிரில் அதற்குச் செரிக்காது. வெப்பமானியைப் பாருங்கள், சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

கரண்ட் போனால் தொட்டியைக் கம்பளியால் சுற்றிவிட்டு, பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பைப் போடுங்கள். சுடுதண்ணீர் நிரப்பி இறுக மூடிய போத்தல்களை மிதக்கவிடலாம். சுடுதண்ணீரை நேரே ஊற்றவே கூடாது.

சரி, தண்ணீர். நிறையத் தின்று நிறையக் கழிக்கிற மீன் இது, அதனால் பெரிய ஃபில்டர் வேண்டும். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். அந்த நேரம் ஹீட்டரை நிறுத்திவிட வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து போடுங்கள். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் தேயிலை மலையில் மருந்து அடித்த நாட்களில் அதைத் தொடாதீர்கள். வாளியில் சுடுதண்ணீர் கலந்து தொட்டிச் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஊற்றுங்கள். கையை விட்டுப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம், விறைத்த கைக்கு எல்லாமே சூடாகத்தான் தெரியும்.

ஒஸ்கார் சிக்லிட் வகை மீன், அதனால் தீனிக்கு சிக்லிட்களுக்கான குளிகைத் தீனி போதும். குஞ்சுக்கு இரண்டு வேளை, பெரியதற்கு ஒரு வேளை. இடையிடையே தோல் உரித்த இறால் கொடுக்கலாம். மண்புழு என்றால் அதற்குக் கொள்ளை ஆசை, ஆனால் லீக்ஸ், கெரட் பாத்தியில் தோண்டியதைக் கொடுக்காதீர்கள், அங்கே பூச்சிமருந்து அதிகம். உயிர்மீன் போடுவதும் வேண்டாம், நோய் அதோடுதான் வரும். மாட்டிறைச்சி, கோழிக் கொழுப்பு இரண்டும் அதன் வயிற்றுக்கு ஆகாது.