மீத்திறன் கணிப்பை எல்லோருக்கும் கற்பிக்க: முதல் வகுப்பை நடத்தும் முறை

மீத்திறன் கணினியை (சூப்பர் கம்ப்யூட்டர்), அதாவது ஏராளமான செயலிகள் எனும் கணக்கிடும் சில்லுகள் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும் கணினியை, அறிமுகம் செய்பவர்கள் பெரும்பாலும் அதன் பிரம்மாண்டத்திலிருந்தே தொடங்குகிறார்கள். 2022-இல் ஃபிரான்டியர் என்ற கணினி, 1-க்குப் பின் 18 பூஜ்யங்கள் கொண்ட எண்ணிக்கைக்கும் மேலான கணக்குகளை ஒரே நொடியில் செய்தது உண்மைதான். ஆனால் அதைக் கேட்டதும் 'இது நமக்கானது அல்ல' என்று புதியவர் ஒதுங்கிவிடக்கூடும். ஆகவே முதல் அரை மணி நேரம் கணினியை அணைத்தே வையுங்கள்.

100 காகிதத் துண்டுகளில் துண்டுக்கு ஓர் எண்ணாக எழுதி, ஒருவரைக் கூட்டச் சொல்லி, ஆகும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு நான்கு பேருக்கு 25 துண்டுகள் வீதமும், அதன்பின் இருபது பேருக்கு ஐந்தைந்தாகவும் பிரித்துக் கொடுங்கள். முதலில் நேரம் நன்றாகக் குறையும். பிறகு குறைய மறுக்கும். இருபதாவது ஆளின் கைக்குத் துண்டுகள் போய்ச் சேருவதற்குள் முதல் ஆள் கூட்டி முடித்துக் காத்திருப்பார். இருபது விடைகளையும் கடைசியில் ஒருவரே கூட்ட வேண்டியிருக்கும். தாமதம் எங்கே என்பதை அவர்கள் வாயாலேயே வரவழையுங்கள். வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால், இந்த ஆட்களைப் போல எத்தனை ஆயிரம் செயலிகளைச் சேர்த்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது என்பதே, கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதத்திலிருந்து பிறந்த விதி. அதை முன்கூட்டியே பலகையில் எழுதிவிடாதீர்கள். அவர்களே கண்டறிந்த ஒன்றுக்குப் பெயர் சூட்டுவதாகவே அது வர வேண்டும்.

இனிக் கணினியைத் திறக்கலாம். விலையுயர்ந்த கருவி தேவையில்லை: 1994-இல் நாசாவில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் கடையில் கிடைக்கும் சாதாரணச் செயலிகள் பதினாறை ஈதர்நெட் எனும் சாதாரண வலையமைப்பால் இணைத்தே பேவுல்ஃப் என்ற கணினித் தொகுப்பை உருவாக்கினார்கள். நான்கு கோர் (செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதி) உள்ள ஒரு மடிக்கணினியே முதல் பயிற்சிக்குப் போதும்.

ஒரு சதுரத்துக்குள் கால்வட்டம் வரைந்து, குறிவைக்காமல் தற்செயலாகப் புள்ளிகளை வீசி, வட்டத்துக்குள் விழுந்தவற்றின் விகிதத்தை நான்கால் பெருக்கிப் π (பை) என்ற எண்ணின் மதிப்பைக் காணும் நிரலைக் கொடுங்கள். ஒவ்வொரு கோரும் தனித்தனியே புள்ளி வீசலாம் என்பதால் வேலை எளிதாகப் பிரியும். ஒரு முறை வேண்டுமென்றே எல்லாக் கோர்களுக்கும் ஒரே விதை எண்ணை (தற்செயல் எண்களின் வரிசை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் எண்) கொடுத்துப் பாருங்கள்: நான்கு கோர்களும் அச்சு மாறாமல் ஒரே விடையைத் தரும். நான்கு மடங்கு உழைப்பில் ஒரு மடங்குப் பயன்கூடக் கூடவில்லை என்பது அப்போது கண்கூடாகத் தெரியும்.

பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் பொதுக் கணினித் தொகுப்பில் பயனர் கணக்கு வாங்கித் தருவதோடு நின்றுவிடாமல், முதல் வேலையைக் கற்பவர் அனுப்பும்போது பக்கத்திலேயே உட்காருங்கள். அனுப்பிய வேலை வரிசையில் காத்திருப்பது பிழையல்ல என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு கோர், ஐந்து நிமிடம் என்று சிறிதாகக் கேட்டால் வேலை பெரும்பாலும் விரைவில் தொடங்கிவிடும்.