நோவாவின் இன்ஜினுக்குப் பணம் ஒதுக்கிய விதம்

என்னுடையது 1970 ஷெவி நோவா கார், நான்கு கியர் கொண்ட மன்சி மேனுவல் கியர்பாக்ஸ். போன வருடம் ஓஹாயோவில் கால் மைல் டிராக் பந்தயத்தின்போது (நேர்கோட்டு வேகப் பந்தயம்) இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கியர் விழவில்லை. கால் ஆக்சிலேட்டரிலேயே இருந்தது. இன்ஜின் அலறியது. ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்தால் மடிப்புக்குள் செம்புப் பொடி மின்னியது. ராட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்கில் சுழலும் இடத்து பேரிங்) போய்விட்டது, வால்வுகளைத் திறக்கும் புஷ்ராடுகள் இரண்டு வளைந்திருந்தன.

கையில் இருந்தது 6,000 டாலர். முதலில் மொத்தத்தையும் சக்தி கூட்டும் ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல்பாகம்), கேம்ஷாஃப்டில் (வால்வுகளை இயக்கும் தண்டு) போடத்தான் நினைத்தேன். நல்ல வேளை, போடவில்லை. மேனுவல் காரில் கிளட்ச் செலவும் இன்ஜின் செலவுதான். இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் அதிக வேகத்தில் வெடித்தால் துண்டுகள் நம் காலுக்குத்தான் வரும். கால் மைலை 11.49 விநாடி அல்லது அதற்கும் குறைவாக ஓடினால், அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. விதிப்படி எஸ்.எஃப்.ஐ. 6.1 என்ற பாதுகாப்புத் தரமுள்ள பெல்ஹவுசிங் (ஃப்ளைவீல், கிளட்ச்சை மூடும் கூடு) கட்டாயம். என் கார் 12 விநாடிக்காரன்தான், ஆனாலும் வாங்கினேன். எஃகு ஃப்ளைவீல், கிளட்ச், பெல்ஹவுசிங், இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் எல்லாம் சேர்த்து 1,900.

அப்புறம் பிளாக், அதாவது சிலிண்டர்கள் உள்ள இன்ஜின் உடல். 350 கன அங்குல இன்ஜினின் சிலிண்டர் துளைகளை 0.030 அங்குலம் பெருக்கி 355 ஆக்கினோம். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), ஃப்ளைவீல், கிளட்ச் மூன்றையும் சேர்த்தே பேலன்ஸ் செய்யச் சொன்னேன். அதற்குக் கொடுத்த காசு ஒவ்வொன்றும் தகும். பிஸ்டன், ராட், பேரிங், லேத் வேலை 2,700. பழைய ஹெட்டுகளுக்கு வால்வு வேலை மட்டும் 600. மிச்சம் 800 கேஸ்கெட்டுக்கும், எதிர்பாராத செலவுக்கும். அதில் 350 டாலர் ஆயில் பம்ப், ஆயில் பான் வாங்கவே போய்விட்டது.

அலுமினியம் ஹெட் அடுத்த சீசனுக்கு.