வேலூர் மாடியில் மூலிகையும் சமையல் பூவும்: நாம் செய்யும் தவறுகள்

பொங்கலுக்குத் தளதளவென்று நின்ற கொத்தமல்லித் தொட்டி, சித்திரை பிறக்கும்போது மாடி மூலையில் கவிழ்ந்து கிடக்கும். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் வருஷா வருஷம் பார்க்கிற காட்சி இது. "எனக்குக் கைராசி இல்லை" என்பார்கள். கைராசி எல்லாம் இருக்கிறது, மாதம்தான் தப்பு. கொத்தமல்லி குளிர்ச்சியை விரும்பும் பயிர். வெயில் ஏறிவிட்டால் இலை விடுவதை விட்டுவிட்டுப் பூத்து விதை கட்டப் பார்க்கும். அடைமழை ஓய்ந்ததும் கார்த்திகைக் கடைசியில் தொடங்கி, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு கைப்பிடி என்று மாசி வரை தூவினால் போதும்.

முழுத் தனியாவை அப்படியே போடுவதும் தவறுதான். ஓர் உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கும். சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டினால் இரண்டாகப் பிளக்கும். சோம்பல்பட்டு ஒருமுறை மிக்சியில் ஒரு சுற்று விட்டேன், ரசப்பொடிதான் மிஞ்சியது.

அடுத்தது, "ஆறு மணி நேர வெயில் வேண்டும்" என்ற அறிவுரை. பெங்களூரு வீடியோவைப் பார்த்துவிட்டுப் புதினாவை மொட்டை மாடி நடுவில் வைக்கிறோம். அந்த ஊர் வெயிலும் நம் ஊர் வெயிலும் ஒன்றா? கத்திரியில் இங்கே 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். புதினாவுக்கும் வல்லாரைக்கும் காலை பத்து மணி வரை படும் வெயில் தாராளம். அப்புறம் நிழல் வேண்டும். 50 சதவீத நிழல்வலை கட்டலாம், இல்லையென்றால் கிழக்கு பார்த்த சுவரோரம் ஒதுக்கலாம். மதியம் தளத்தில் நாம் வெறுங்காலோடு நிற்க முடியாது. தொட்டி நேராகத் தளத்தில் உட்கார்ந்தால் வேருக்கும் அதே கதிதான். அடியில் இரண்டு செங்கல் வையுங்கள்.

தண்ணீர் நம் ஊரின் பெரிய தலைவலி. பல வீட்டு போர் தண்ணீர் உப்பு. பக்கெட்டில் படியும் அந்த வெள்ளைதான் தொட்டி விளிம்பிலும் படிகிறது. இலை நுனி கருகியதும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே உப்புத் தண்ணீரை இன்னும் இரண்டு சொம்பு ஊற்றுகிறோம். மழைநீரை டிரம்மில் பிடித்து வைத்து, அவ்வப்போது தொட்டியின் அடி ஓட்டை வழியாக நன்றாக வடியும்வரை ஊற்றினால் உப்பு கரைந்து இறங்கும். ஓட்டை அடைத்திருந்தால் இதுவும் பலிக்காது.

புதினாவும் கற்பூரவல்லியும் ஒரே தொட்டியில் வேண்டாம். முன்னது ஈரம் கேட்கும், பின்னது ஈரத்தில் அழுகும்.

பூ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சாமிக்கு வைக்கிற பூவெல்லாம் சாப்பிடுகிற பூ அல்ல. கடையில் வாங்கிய ரோஜாவில் குல்கந்து போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பூ மாலைக்காக வளர்ந்தது, என்ன மருந்து அடித்தார்களோ தெரியாது. குல்கந்து வேண்டுமென்றால் பன்னீர் ரோஜாவை வீட்டிலேயே வளர்த்து, மருந்து படாமல் பறியுங்கள்.

வேலியில் செம்பருத்தியும் அரளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது இங்கே பல வீட்டில் வழக்கம். அரளியின் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். இதயத் துடிப்பையே பாதிக்கும். மஞ்சள் அரளியும் அப்படித்தான், அதன் கொட்டை இன்னும் மோசம். செம்பருத்தியையும் அரளியையும் ஒரே கூடையில் பறித்து, ஒரே முறத்தில் உலர்த்தினால், காய்ந்து சுருங்கிய இதழில் எது எது என்று யாரால் சொல்ல முடியும்? சமையலுக்கும் டீக்கும் தனிக் கூடை வையுங்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் அரளியே வேண்டாம். செம்பருத்தியில் காம்பு, பச்சைப் புல்லி, நடுவில் நீளும் மகரந்தத் தண்டு ஆகியவற்றை நீக்கிவிட்டு இதழை மட்டும் எடுங்கள். சங்குப்பூவிலும் பூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் விதையும் வேரும் பேதியாவதற்குக் கொடுத்த சரக்கு.

சங்குப்பூ கொடி பூக்கவில்லை என்று யூரியா போடாதீர்கள். அது பயறு வகைக் குடும்பம், தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். மேலும் போட்டால் இலைதான் மண்டும். வெயில் படும் இடத்துக்கு மாற்றினால் போதும். விதையை ஓர் இரவு ஊறவைத்து நடுங்கள்.

கடைசியாகக் கறிவேப்பிலை. குழம்புக்கு நாலு இலை என்று உருவினால் மொட்டைக் குச்சிதான் நிற்கும். கொத்தோடு கிளை நுனியை ஒடித்தால் பக்கத்தில் கிளை வெடிக்கும். இலைமேல் காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்கள், நெளியும். வளர்ந்தபின் பச்சையாகி ஒரே நாளில் ஒரு கொத்தைத் தின்றுவிடும் புழு அது. அதற்காக மருந்தடித்தால் நாளை ரசத்தில் மிதப்பதும் அந்த மருந்துதான். நான் கையால் எடுத்துப் போட்டுவிடுவேன். ஒன்றிரண்டை மட்டும் பின்பக்கக் கிளையில் விட்டுவைப்பேன். கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டாம்பூச்சி வெளிவருவதைப் பார்க்கப் பேத்தி தினமும் மாடிக்கு ஓடுகிறாள்.