எஸ்எக்ஸ்-70 கேமராவில் 600 ஃபிலிம் போட ஒரு வழி

எடுத்தவுடன் படம் தரும் பழைய போலராய்டு எஸ்எக்ஸ்-70 கேமராவில், அதன் ஃபிலிமைவிட வேகமான 600 ஃபிலிம் போடுவதாக இருந்தால், இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) ஒளியைக் குறைக்கும் என்டி ஜெல் ஃபில்டரில் (நிறம் மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் மெல்லிய தாள்) சிறு துண்டு வெட்டி லென்ஸின் மேல் மட்டும் ஒட்டுங்கள். பக்கத்தில் இருக்கும், ஒளியை அளக்கும் சின்ன மீட்டர் கண்ணை மூடவே கூடாது.

அந்தக் கேமரா எதிர்பார்க்கும் ஃபிலிமின் ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் வேகம்) சுமார் 160; 600 ஃபிலிமுக்கு 640. அதாவது நான்கு மடங்கு வேகம், கணக்குப்படி இரண்டு ஸ்டாப். மீட்டர் வழக்கம்போல அளக்கும், ஃபிலிமுக்குப் போகும் ஒளி மட்டும் கால்பங்காகும். மீட்டரையும் சேர்த்து மூடினால் ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருந்து, படம் வெளுத்துப் போகும். ஒரு பேக்கில் இருப்பதே 8 படம்தான், வீணாக்க மனசு வராது.

லென்ஸ் வழியாகவே பார்ப்பதால் வ்யூஃபைண்டரும் இருட்டாகும் என்பது ஒரு தொல்லை. மங்கலான இடத்தில் ஃபோகஸ் செய்வது கஷ்டம்தான். அப்போது ஃபில்டரை லென்ஸில் ஒட்டாமல் ஃபிலிம் பேக்கின் மேல் வைப்பது நல்லது.

போலராய்டின் எஸ்எல்ஆர் 680 கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை, அது 600 ஃபிலிமுக்கென்றே செய்தது. ஐ-டைப் ஃபிலிம் வாங்கிவிடாதீர்கள்; அந்தப் பேக்கில் பேட்டரி கிடையாது, பேக்கின் பேட்டரியில் ஓடும் எஸ்எக்ஸ்-70 அசையவே அசையாது.