30 மி.மீ. என்றால் எல்லாம் ஒன்றல்ல

தானியங்கி பீரங்கிகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது விட்டக் கணக்கில்தான். '30 மி.மீ. குண்டு' என்று மட்டும் சொன்னால் பாதி விவரம்கூட வந்து சேராது. அப்பாச்சி ஹெலிகாப்டர் சுடுவது 30×113. நம் தரைப்படையின் பி.எம்.பி.-2 கவச வண்டியில் இருக்கும் 2ஏ42 பீரங்கிக்கு 30×165. அமெரிக்காவின் ஏ-10 விமானத்துக்கு 30×173. முதல் எண் குண்டின் விட்டம், இரண்டாவது எண் வெடிமருந்து அடைத்த உறையின் நீளம், இரண்டும் மி.மீ. கணக்கில். ஒன்றின் குண்டு இன்னொன்றின் அறையில் பொருந்தாது. வேகமும் எட்டும் தூரமும்கூட வேறு.

இரண்டு எண்களும் ஒத்துப்போனாலும் அவசரப்படக் கூடாது. கடற்படையின் ஏகே-630 பீரங்கி சுடுவதும் 30×165 தான். ஆனால் அதன் குண்டு மின்சாரத்தால் பற்றுவது. 2ஏ42-இன் குண்டு, ஊசி அடித்துப் பற்றுவது. ஒன்றை எடுத்து மற்றதில் போட்டுச் சுட முடியாது. 40 மி.மீ. போஃபர்ஸ் விமான எதிர்ப்புப் பீரங்கியிலும் எல்-60 மாதிரிக்கு 311 மி.மீ. உறை, எல்-70 மாதிரிக்கு 365 மி.மீ.

எல்லாக் குண்டும் வெடிக்கும் என்று நினைப்பதும் தவறு. கவசம் துளைக்கும் வகைகள் பலவற்றில் வெடிமருந்தே கிடையாது. டங்ஸ்டன் போன்ற கனத்த உலோகம், தன் வேகத்தாலேயே துளைத்துப் போகிறது. ஏ-10 குண்டுகளில் ஒரு வகையில் செறிவு நீக்கிய யுரேனியம் இருப்பதால் அதை அணு ஆயுதம் என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே அணுப்பிளவு எதுவும் நடப்பதில்லை. அந்த உலோகத்தின் நச்சுத்தன்மை பற்றிய கவலை நியாயமானது. அதை நச்சு என்ற பெயரிலேயே பேச வேண்டும், அணு ஆயுதம் என்றல்ல.

ட்ரோன்களை வீழ்த்தும் திறனை, நிமிடத்துக்கு எத்தனை குண்டு என்பதை மட்டும் வைத்து எடைபோடுவதும் சரியல்ல. ஓர்லிக்கான் நிறுவனத்தின் 35 மி.மீ. 'அஹெட்' குண்டு குழல்முனையைக் கடக்கும்போதே அதன் வேகம் அளக்கப்பட்டு, எப்போது வெடிக்க வேண்டும் என்ற நேரம் அதன் ஃபியூஸில் (வெடிப்பைத் தூண்டும் பாகத்தில்) பதியும். இலக்குக்குச் சற்று முன்னால் 152 டங்ஸ்டன் துண்டுகள் சிதறும். குழல்முனையில் இப்படி வேகத்தை அளந்து நேரத்தைப் பதிக்கும் கருவி இல்லாத 35 மி.மீ. பீரங்கிக்கு இந்தக் குண்டால் முழுப் பயன் இல்லை.

இன்னொன்று, பீரங்கியை எண்ணிவிட்டுக் குண்டை மறப்பது. 2022-இல் ஜெர்மனி உக்ரைனுக்கு 35 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கி பொருத்திய கெபார்ட் வண்டிகளைக் கொடுத்தது. ஆனால் சுவிட்சர்லாந்தில் தயாரான 35 மி.மீ. குண்டுகளை அங்கே அனுப்ப சுவிஸ் அரசு சம்மதிக்கவில்லை. ரைன்மெட்டால் நிறுவனம் ஜெர்மனியிலேயே புதிய உற்பத்தியைத் தொடங்க வேண்டியதாயிற்று. அதன் முதல் தொகுதி உக்ரைனுக்குப் போனது 2023 செப்டம்பரில்தான்.