சுருக்கத்தை மறைத்துவிட்டு வாசிக்கக் கொடுங்கள்

கொழும்பில் தாதிய மாணவருக்கு ஆய்வுக் கட்டுரைகளை எடைபோடக் கற்பிக்கும்போது வழமையாக வரும் சிக்கல்: சுருக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு 'நல்ல ஆய்வு' என்று எழுதிவிடுவார்கள். இப்போது சுருக்கத்தையும் முடிவுரையையும் மறைத்தே கொடுக்கிறேன். குழுக்களை எப்படிப் பிரித்தார்கள், எத்தனை பேர் இடையில் விலகினார்கள் என்று முதலில் தேடவேண்டும்.

பிறகு கணக்கு. பயிற்சிக்கு ஒன்று: சாதாரண மெத்தையில் 200 பேரில் 20 பேருக்குப் படுக்கைப்புண், காற்று மெத்தையில் 200 பேரில் 10 பேருக்கு. பாதியாகக் குறைந்ததுபோல் தெரியும். வித்தியாசமோ நூற்றுக்கு 5. ஒருவரைக் காக்க 20 பேருக்கு அந்த மெத்தை வேண்டும். ஒப்பீட்டு ஆபத்து (காற்று மெத்தையில் புண் வரும் வீதத்தைச் சாதாரண மெத்தையின் வீதத்தால் வகுத்தது) 0.5, அதன் 95% நம்பிக்கை இடைவெளி (உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு) ஏறத்தாழ 0.24 முதல் 1.04 வரை. 1 என்றால் இரண்டு மெத்தைக்கும் வித்தியாசமில்லை; அது இந்த வீச்சுக்குள் கிடப்பதால் பயனே இல்லாமலும் இருக்கலாம். இதை மாணவர் தம் கையால் போட்டால்தான் மனதில் பதிகிறது.

கடைசிக் கேள்வியை வாட்டில் நின்றே கேளுங்கள்: அந்த மெத்தையின் பம்புக்குக் கட்டிலருகே பிளக் பொயின்ற் இருக்கிறதா?